‘இல்ல மேடம்’

முன்னால் போகிறாள். முப்பதடி இருக்கும். நான் எட்டிப் போட்டால் அவளும் எட்டிப் போடுகிறாள், நான் தளர்ந்தால் அவளும் தளர்கிறாள், திரும்பிப் பார்க்காமலே எப்படித் தெரிகிறதோ, என் செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் இருக்கும், இடது செருப்பு கொஞ்சம் இழுபடுகிறது எனக்கு. இன்றைக்குப் பதினோராவது நாள். தினம் நாற்பது நிமிடம் நடக்கணும், சும்மா காத்து வாங்குற நடை இல்ல, பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது, அந்த வேகம் என்றார் டாக்டரம்மா. பேச முடிகிற வேகமாம். பதினோரு நாளில் இந்த மைதானத்தில் நானும் என் மகளும் பேசியது ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். தண்ணி வேணுமா, வேணாம். போதுமா, இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. நாய் நிக்குது பாத்து. ம். அவ்வளவுதான். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கும் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கும் ஒரு நாளைக்கு ஆறு தடவை, படியில நிக்காத, உள்ள போ, சில்லறையா குடும்மா, அந்த லக்கேஜைக் கொஞ்சம் நகத்துங்க அண்ணாச்சி என்று வாய் ஓயாமல் பேசுகிற கண்டக்டர் சோலையப்பன், வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போது வாயையும் கழற்றி வாசலிலேயே வைத்துவிடுகிறான். சம்சாரம் மாரீஸ்வரி இருந்தபோது அது தெரியவில்லை. அவள் பேசினாள். எனக்கும் மகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, சுபி இதைக் கேக்குறா, அப்பாட்ட அதைச் சொல்லு என்று இரண்டு பக்கத்துக்கும் அவள்தான் பஸ் விட்டாள். அவள் போய் மூன்று வருடம். மூளைக் காய்ச்சல் என்றார்கள், நாலே நாள். சுபிக்‌ஷாவுக்கு அப்போது பதிமூன்று, இப்போது பதினாறு, பிளஸ் ஒன். முதுகு எப்போது இவ்வளவு அகலமாயிற்று. மாஸ்க்கின் நாடா காதுக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிகிறது. கொரோனா போய் எத்தனை நாளாயிற்று, இவள் மட்டும் ஏன் இன்னும் மாஸ்க் போடுகிறாள், பயந்த சுபாவம் என்று நினைத்திருந்தேன், சுத்தம் பார்க்கிற பிள்ளை என்று டெப்போவில் பெருமையாகக் கூடச் சொன்னேன். தாடையில் முடி. அதை மறைக்கத்தான். டாக்டரம்மா மாஸ்க்கைக் கழற்றச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்தாள், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அந்தப் பாக்கெட்டுகள். அதை நினைக்காமல் ஒரு சுற்று நடக்கலாம் என்று பார்க்கிறேன், வாலிபால் கம்பம் தாண்டுவதற்குள் வந்துவிடுகிறது. மாரீஸ்வரி போன பிறகு, வீட்டுச் சாமான் வாங்குகிற நாளில் பருப்பு, எண்ணெய், சோப்போடு இரண்டு பாக்கெட் நாப்கினையும் சேர்த்து வாங்கிவிடுவேன். முதல் தடவை மருந்துக்கடையில் கேட்க வாய் வரவில்லை, விரலால் காட்டினேன், அந்தப் பையன் கறுப்புப் பையில் சுற்றிக் கொடுத்தான், திருட்டுச் சாமான் மாதிரி. அப்புறம் பழகிப்போயிற்று. பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுவேன். அவளும் ஒன்றும் கேட்கமாட்டாள். நான் அதைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்திருந்தேன், அம்மா இல்லாத பிள்ளைக்கு ஒரு ஆம்பிள இவ்வளவு செய்கிறானே என்று என்னை நானே தட்டிக்கொண்டேன், எந்த மாசமும் மறந்தது கிடையாது, டபுள் டூட்டி பார்த்த மாசம் கூட. ரேஷன் கார்டு தேடிக்கொண்டு அவளுடைய பீரோவில் கையை விட்டது போன மாசம் ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பின்னால், பழைய தாவணி ஒன்றைப் போர்த்தி, பத்துப் பாக்கெட், ஐந்து மாசத்துக்கானது. ஒன்றும் பிரிக்கவில்லை. கீழ்த்தட்டில் இருந்தால் நான் பார்த்துவிடுவேன் என்று ஒவ்வொரு மாசமும் எடுத்து உள்ளே ஒளித்திருக்கிறாள். நான் வைக்க வைக்க அவள் ஒளிக்க. தாவணியை முன்னே இருந்த மாதிரியே போர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்து, சுபி, ரேஷன் கார்டைப் பாத்தியா என்று கேட்டேன். டிவிக்கு மேல இருக்குப்பா என்றாள். டிவிக்கு மேலேதான் இருந்தது. கேட்டிருக்க வேண்டியது அதுவா. பத்து நாள் கேட்கவில்லை. பஸ்ஸில் எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள், யாரிடமாவது கேட்டுவிடலாமா என்று தோன்றும், நடுவயது டீச்சர் ஒருத்தர் தினம் காரியாபட்டியில் இறங்குவார், நல்ல முகம், ஏம்மா ஒரு பொம்பளப் பிள்ளைக்கு அஞ்சு மாசம், என்று நெஞ்சுக்குள் ஆரம்பிப்பேன், விசிலை ஊதிவிடுவேன்.

கடைசியில் ராஜபாளையத்திலிருந்து அக்காவை வரச் சொன்னேன். பாக்கியம் அக்கா வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள், நான் அடுப்படியில் நின்று பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பொங்கி வழிந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வெளியே வந்து, அஞ்சு மாசமா வரலையாம்டா, அதுக்கு முன்னாடியும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, மூணு மாசத்துக்கு ஒருக்காத்தானாம் என்றாள். அப்புறம், எங்க தெருவுலயும் ஒரு பிள்ளைக்கு இப்படித்தான், கர்ப்பப்பையில கட்டி கட்டியா இருக்காம், காலாகாலத்துல கல்யாணத்தைப் பண்ணி ஒரு புள்ளையப் பெத்துட்டா தானா சரியாப் போயிரும், இல்லன்னா பின்னாடி புள்ளையே தங்காதுடா என்றாள். மெல்லப் பேசத் தெரியாது அக்காவுக்கு. கதவுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுதால் கூடத் தேவலை என்று இருந்தது. இங்கே தண்ணீர்க் குழாய் இருக்கிறது, மிதித்துவிடாமல் தாண்டணும். அவள் தாண்டிவிட்டாள். எதிரே இரண்டு அம்மாக்கள் சேலைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு வருகிறார்கள், தினம் வருகிறவர்கள்தான், மூன்றாவது நாள் அதில் ஒருத்தர், என்ன பாப்பா, உடம்பக் குறைக்கவா, இந்த வயசுலயேவா என்று சிரித்துக்கொண்டே கேட்டது எனக்குக் கேட்டது. அவள் நிற்கவில்லை. நான் பக்கத்தில் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். என்ன சொல்லியிருப்பேன்.

டாக்டரம்மா நல்லவர். முதலில் என்னையும் உட்கார வைத்துத்தான் கேட்டார். சாப்பாடு, தூக்கம், எத்தனை மணிக்குப் படுக்கிற, செல்போனை எத்தனை மணிக்கு வைக்கிற. ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பயப்படாதம்மா, இதுக்கு இப்பவே அந்தப் பேரை வைக்க வேண்டாம், சினைப்பைல நீர்க்கட்டிங்கிற அளவுக்குப் போகல, ஆனா வண்டி அந்த ரோட்டுலதான் போய்ட்டிருக்கு, இப்பவே திருப்பினா திரும்பிரும் என்றார். வண்டி என்றதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, வண்டி என்றால் எனக்குப் புரியும். பரோட்டா வேண்டாம், பேக்கரி ஐட்டம் வேண்டாம், பாட்டில் ஜூஸ் வேண்டாம். சோத்தைப் பாதியாக்கி காயைக் கூட்டு, முட்டை சாப்பிடு, சுண்டல் சாப்பிடு, பத்து மணிக்குப் படு, நட. மூணு மாசம் இதைச் செய், அப்பவும் வரலைன்னா மாத்திரையைப் பத்திப் பேசுவோம். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், வீட்டுல யாருக்காவது சுகர் இருக்கா என்றார். சுபி என்னைப் பார்த்தாள். இல்ல மேடம் என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது. டிக்கெட் எடுத்தாச்சா என்றால் எடுத்தாச்சு என்பது மாதிரி. டாக்டரம்மா பேனாவை நிறுத்தி, சுபியின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், பிடரியில் அந்தக் கறுப்பு. நெஜமாவே யாருக்கும் இல்லையா சார், அப்பா வழி, அம்மா வழி? இல்ல மேடம். இரண்டாவது தடவையும். சரி, அப்ப இதுல எழுதின சுகர் டெஸ்டை இப்ப அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், வெறும் வயித்துல வந்து மூணு தடவை ஊசி குத்தணும், பிள்ளைக்குப் பரீட்சை வேற, மூணு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம் என்று ஒரு கோடு போட்டு அதை அடித்தார். அந்தக் கோடு. அப்புறம் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் சட்டைப் பையில் மாத்திரை இருந்தது, காலையில் போட மறந்தது, சட்டை மேலேயே விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடமாக இருக்கிறது எனக்கு. டெப்போவில் மருத்துவ முகாம் போட்டார்கள், எல்லாரும் விரலை நீட்ட நானும் நீட்டினேன், அந்த நர்ஸ் மிஷினைப் பார்த்து, அண்ணே, டீ குடிச்சிட்டு வந்தீங்களா என்று கேட்டது, இல்லை என்றேன், மறுபடியும் குத்திப் பார்த்தது. தெரிந்திருக்க வேண்டியதுதான். மதுரை போய்ச் சேர்வதற்குள் அடிவயிறு முட்டிக்கொண்டு நிற்கும், பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கிறதுக்கு முன்னால் குதித்து ஓடுவேன், டிரைவர் கேலி பண்ணுவான். மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கண்டக்டர் பையில் உள்ளறையில் கிடக்கிறது, ஞாபகம் வந்த நாளில் டீக்கடையில் விழுங்குவேன், அதுவும் சர்க்கரை போட்ட டீயோடு. ஏன் சொல்லவில்லை. மாரீஸ்வரி போன புதிதில், நான் படுத்துக் கண்ணை மூடினால் சுபி எழுந்து வருவாள். சத்தமில்லாமல் வந்து, என் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்ப்பாள். மூச்சு வருகிறதா என்று. நான் தூங்குகிற மாதிரியே கிடப்பேன், மூச்சைக் கொஞ்சம் பலமாக விடுவேன், அவளுக்குக் கேட்கட்டும் என்று. ஒரு வருடம் இருக்கும் அப்படி. அந்தக் கை வருவது நின்று இரண்டு மூன்று மாசம்தான் ஆகியிருந்தது, அந்த நர்ஸ் மிஷினைப் பார்த்தது. எப்படிச் சொல்வேன். உனக்கு மிச்சம் இருக்கிற ஒரு ஆளுக்கும் ஒரு வியாதி வந்திருக்கு என்று ஒரு பதினாலு வயசுப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வேன். அது சரி. அது சரிதான். ஆனால் டாக்டரிடம் ஏன். அவள் பக்கத்தில் இருந்தாள், அதனால். வெளியே வந்த பிறகு திரும்பப் போய்ச் சொல்லியிருக்கலாம், மேடம், ஒரு நிமிஷம் என்று. போன் நம்பர் சீட்டிலேயே இருக்கிறது. பதினோரு நாளாக இருக்கிறது. அந்தச் சீட்டில் ஒரு கோடு போட்டு அடித்த வரி. இங்கேயும் குழாய். மிதித்துவிட்டேன்.

கழுத்து. அதைச் சொல்லவே கூடாது, யாரிடமும். போன வருடம் பொங்கலுக்கு முன்னால், தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், ஏன் சுபி, கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்கக் கூடாதா, அழுக்கு அப்பிக் கிடக்கு என்றேன். கோபமாகக் கூட இல்லை, அம்மா இருந்தால் சொல்லுவாளே, நாமதானே சொல்லணும் என்று. அன்றைக்குக் குளியலறையில் ரொம்ப நேரம் இருந்தாள். மறுநாள் பார்த்தால் பிடரி முழுக்கச் சிவந்து தோல் உரிந்து கிடக்கிறது, தேங்காய் நாரை வைத்துத் தேய்த்திருக்கிறாள். அது அழுக்கில்ல சார், உள்ள இருக்கிற கோளாறு வெளிய தெரியுற இடம், தேய்ச்சாப் போகாது என்று டாக்டரம்மா சொன்னபோது நான் என் காலரை மேலே இழுத்து விட்டுக்கொண்டேன். என் பிடரியும் அப்படித்தான் இருக்கிறது. காக்கிக் காலருக்குள் யார் பார்த்தது. என்னிடமிருந்துதான் போயிருக்கிறது. மூக்கு என்னுடையது, அந்த இழுத்த நடை என்னுடையது, இதுவும். ரத்தத்தில் கொடுத்தது பாதி, கையால் கொடுத்தது மீதி. டூட்டி முடிந்து வருகிறபோது கையில் ஏதாவது இருக்கும். பரோட்டா, சால்னா பாக்கெட், முட்டை பப்ஸ், கிரீம் பன். கதவைத் திறப்பாள், முதலில் என் கையைப் பார்ப்பாள், அப்புறம் முகத்தைப் பார்ப்பாள், முகத்தைப் பார்க்கும்போது ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகத்தான் அத்தனையும். பேசத் தெரியாதவன் பார்சல் வாங்கினான். டாக்டரிடம் போய்வந்த மறுநாள் வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றேன், பெல்லை அடிக்கக் கை போகவில்லை, எதைக் கொண்டு இந்த வீட்டுக்குள் நுழைவது என்று தெரியாமல். கீரைக்கட்டு ஒன்று வாங்கப் போனேன். அது முற்றலாக இருந்தது. அப்புறம் அந்தத் தாழ்ப்பாள். ஏழாவது எட்டாவதில் கோகோ விளையாடினாள், அவளைத் தொட ஆளில்லை என்பாள் மாரீஸ்வரி. அவள் போனதும் நான்தான் சொன்னேன், ஸ்கூல் விட்டா நேரா வீடு, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கோ, நான் வர்ற வரைக்கும் யார் தட்டினாலும் திறக்காத. அவள் அதை அப்படியே செய்தாள். மூன்று வருடம். நாலரை மணியிலிருந்து நான் வருகிற வரை தாழ்ப்பாளுக்கு உள்ளே, ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு செல்போன். பத்திரமா இருக்கா என்று நான் காரியாபட்டி தாண்டும்போது நிம்மதியாக நினைத்துக்கொள்வேன்.

முட்டுகிறது. நாற்பது நிமிடத்தை ஒரு தடவையில் கடக்க முடிவதில்லை. மைதானத்தின் வடக்கு மூலையில் சுவர் இடிந்த இடம் இருக்கிறது, சீமைக் கருவேலம் மறைக்கும், போய்விட்டு வந்தேன். வந்து பார்த்தால் அவள் நிற்கிறாள். இத்தனை நாளில் நின்றதில்லை. மாஸ்க்கைக் கீழே இறக்கி விட்டிருக்கிறாள், மேல் உதட்டில் வியர்வை. கிட்டே போனதும் நடக்க ஆரம்பித்தாள், நானும் நடந்தேன், முப்பதடி இல்லை, ஒரு கை தூரம். என்ன செய்வதென்று தெரியவில்லை எனக்கு, கையை வீசுவதா, கட்டிக்கொள்வதா. அப்பா, ஒண்ணு கேக்கட்டா என்றாள். கேளு. அத்தை சொன்னது நெசமா? எது என்றேன், எது என்று தெரியாத மாதிரி. எனக்குப் பிள்ளை பொறக்காதுன்னு. நேராகப் பார்த்துக்கொண்டு கேட்டாள், ரோட்டில் போகிறவரிடம் மணி கேட்கிற மாதிரி. டாக்டர்தான் சொன்னாங்கல்ல சுபி, இப்பவே திருப்பினா திரும்பிரும்னு. அது அவங்க சொன்னது, நீங்க சொல்லுங்க. எனக்குத் தெரிந்தது எது. எனக்கு நீ பொறந்தது தெரியும், கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சுப் பொறந்தே, உங்கம்மாவ இதே மாதிரித்தான் எல்லாரும் பேசுனாங்க, அவ யார்ட்டயும் பதில் சொன்னதில்ல என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. ஆறு வருஷமா என்றாள். ஆமா. புளியமரத்துக்குக் கீழே போகும்போது, எனக்குப் பிள்ளை வேணுமான்னே தெரியலப்பா, அத்தை அப்படிச் சொன்னதும் நான் ஏதோ உடைஞ்ச சாமான் மாதிரி இருந்துச்சு என்றாள். அப்புறம், அந்தப் பாக்கெட்ட நீங்க பாத்துட்டீங்கன்னு எனக்குத் தெரியும், தாவணிய மடிப்பு மாத்திப் போட்டிருந்தீங்க என்றாள். ஏம்மா ஒளிச்ச? நீங்க பயந்துருவீங்கன்னுதான் என்றாள். அம்மாவுக்கும் சாதாரணக் காய்ச்சல்னுதான ஆரம்பிச்சுச்சு, எனக்கும் ஏதோ ஒண்ணுன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு நெனச்சேன், நீங்க தனியா இருப்பீங்கள்ல.

மண்ணைப் பார்த்து நடந்தேன். செம்மண், ஒரு ஐஸ் குச்சி, யாருடைய சட்டைப் பொத்தானோ. இவள் ஐந்து மாசம், பத்துப் பாக்கெட்டைப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு, நான் பயந்துவிடக் கூடாது என்று. நான் இரண்டு வருடம். ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொன்றை ஒளித்துக்கொண்டு, தண்ணி வேணுமா, வேணாம். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன், வாலிபால் கம்பம் தாண்டுவதற்குள் சொல்லிவிடணும் என்று வைத்துக்கொண்டேன், கம்பம் தாண்டிப் போயிற்று, அடுத்து அந்த வேப்பமரம், அதுவும் போயிற்று. டாக்டர் எங்கிட்ட தனியா கேட்டப்ப எல்லாத்தையும் சொல்லிட்டேன்ப்பா, முடி புடுங்குறது, ராத்திரி போன் பாக்குறது எல்லாம், பொய் சொன்னா தப்பா மருந்து குடுத்துருவாங்கள்ல என்றாள். சுபி என்றேன். எனக்கு சுகர் இருக்கு சுபி. நின்றுவிட்டாள். நானும் நின்றேன். வயதான நாலு பேர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒருத்தர் சட்டைப் பையிலிருந்த போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு என்றாள். கடைசியா பாத்தப்ப இருநூத்தி எழுபது. எப்ப பாத்தீங்க? போன தீவாளிக்கு முன்னாடி. எத்தன நாளா இருக்கு? ரெண்டு வருஷமா. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டே வந்தது. டாக்டர் கேட்டாங்க, ரெண்டு தடவ கேட்டாங்க, நான் பக்கத்துலதான இருந்தேன் என்றாள். ஆமா. எங்கிட்ட மறைக்கிறதுக்காக எனக்கு எடுக்க வேண்டிய டெஸ்ட்ட எடுக்க விடாமப் பண்ணிட்டீங்க. ஆமா. பயந்துருவேன்னா? ஆமாம்மா. இப்ப மட்டும் பயமா இல்லையாப்பா எனக்கு, என்றாள், கத்தவில்லை, கத்தியிருக்கலாம். மாஸ்க்கைப் பிய்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு திரும்பினாள், முதலில் வேகமாக நடந்தாள், அப்புறம் ஓடினாள்.

மூன்று வருடத்துக்கு அப்புறம் அவள் ஓடி இன்றைக்குத்தான் பார்க்கிறேன். கனத்த உடம்பு, செருப்புக் காலோடு, துப்பட்டா ஒரு தோளிலிருந்து அவிழ்ந்து பின்னால் பறக்க, அழகான ஓட்டம் இல்லை அது. வாலிபால் கம்பம், தண்ணீர்க் குழாய், ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட அம்மாக்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சுபி என்று கூப்பிட்டேன், கேட்டிருக்காது. பின்னாலேயே போகப் பார்த்தேன், பாதம் எரிகிறது, முழங்காலுக்குக் கீழே மரத்த மாதிரி இருக்கிறது, பத்தடிக்கு மேல் முடியவில்லை. வடக்கு மூலையில் கருவேலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள், தெரியவில்லை. சூரியன் இறங்கி மைதானம் முழுக்க ஒரு மஞ்சள், தூசி அதில் நின்றுகொண்டிருக்கிறது. அந்த இடிந்த சுவர் வழியாக வெளியே போய்விட்டால். பஸ் ஸ்டாண்டு பக்கம்தான். போன் என் கையில் இருக்கிறது, அவளுடையது. மாரீஸ்வரி, நான் என்ன செய்யட்டும் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, அவளிடம் கேட்டுக் கேட்டுத்தான் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளாமல் போனேன். சொல்லியிருக்கக் கூடாதோ. சொல்லாமலே இருந்து ஒரு நாள் மதுரை பஸ் ஸ்டாண்டில் விழுந்து, யாரோ போன் பண்ணி அவளிடம் சொல்லி. இல்லை. சொன்னது சரி. சொன்னது சரி, இரண்டு வருடம் பிந்தியது, டாக்டரிடம் பதினோரு நாள் பிந்தியது. போனைத் திறந்து, பையிலிருந்த டாக்டர் சீட்டைப் பார்த்து நம்பரை அழுத்தினேன். இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. மூன்றாவது தடவை மணி அடித்தது, கிளினிக்கில் இருக்கிற பெண் எடுத்தது, டாக்டர் பேஷண்ட் பாத்துட்டு இருக்காங்க, என்ன விஷயம் என்றது. சுபிக்‌ஷான்னு பதினாறு வயசுப் பிள்ளை, அன்னைக்கு வந்தோம், நான் அவ அப்பா, டாக்டர் கேட்டதுக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன், எனக்கு சுகர் இருக்கு, ரெண்டு வருஷமா இருக்கு, அந்த டெஸ்ட் எடுக்கணும், அதச் சொல்லிருங்கம்மா என்றேன். ஒரே மூச்சில். அந்தப் பெண், எழுதிக்கிட்டேன் சார், நாளைக்குக் காலைல வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க, அப்ப உங்களுக்கும் சேத்துப் பாத்துரலாமா என்று கேட்டது. பாத்துரலாம் என்றேன்.

போனை இறக்கியபோது பின்னால் மூச்சுச் சத்தம். மைதானத்தை முழுக்கச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். முகம் செக்கச் செவேலென்று, தலைமுடி நெற்றியில் ஒட்டி, அழுதாளா, வியர்வையா, பிரித்துச் சொல்ல முடியவில்லை, தாடையில் அந்தச் சின்னச் சின்ன முடிகள் வெயிலில் தெரிந்தன, அவள் மறைக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, எதைக் கேட்டாளோ. யார்ட்டப்பா பேசினீங்க என்றாள். கிளினிக்கு. சொல்லிட்டீங்களா? சொல்லிட்டேன், நாளைக்கு வெறும் வயித்துல வரச் சொன்னாங்க, ரெண்டு பேரையும். அவள் நிமிர்ந்தாள். நான் இன்னும் உங்க மேல கோபமாத்தான் இருக்கேன் என்றாள். இருந்துக்கோ என்றேன். ரொம்ப நாள் இருப்பேன். சரிம்மா. மூச்சு அடங்குகிற வரை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கையை இல்லை, சட்டையைத்தான். அப்புறம் நெற்றியைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு, மாத்திரை எங்க வச்சிருக்கீங்க என்று கேட்டாள்.